வன்னியில் கணித ஆசிரியர் சங்கப் பணியில் இறங்கும் புதியவர்களுக்கு

இலங்கையின் வடக்கே வன்னிப் பாடசாலை ஒன்றுக்கு நியமனம் பெற்று வரும் இளம் கணித ஆசிரியரிடம், கணித ஆசிரியர் சங்கத்தின் பிரதேசக் கிளையில் சேருமாறு எவரேனும் ஒருநாள் கேட்பார். சேர்ந்த மறுநாளே ஒரு கணித முகாமையோ போட்டியையோ பொறுப்பெடுக்குமாறும் கேட்பார். அதை எங்கிருந்து தொடங்குவது, எவரிடம் அனுமதி பெறுவது, எந்தப் பிள்ளைக்கு எதைக் கொண்டுபோவது என்பவற்றை எவரும் எழுதித் தருவதில்லை. பல ஆண்டுகள் இந்த வேலையில் தவறியும் திருந்தியும் கற்றவற்றை, இனி வருபவர்கள் அதே தவறுகளில் காலத்தைச் செலவிடாதிருக்கும் பொருட்டு, இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஆசிரியர்கள் பாடம் ஒன்றுக்காகச் சங்கமாகக் கூடுவது புதிய வழக்கமன்று. இங்கிலாந்தில் கேத்திரகணிதக் கற்பித்தலைச் சீர்படுத்தவென 1871இல் தொடங்கிய சங்கமே பின்னர் முழுக் கணிதத்துக்குமான சங்கமாக விரிந்தது. அமெரிக்காவின் கணித ஆசிரியர் தேசிய மன்றம் 1920இலும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965இலும் தோன்றின. சஞ்சிகை, மாநாடு, மாணவர் திறன்காண் போட்டி ஆகியவை இத்தகைய சங்கங்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. அவற்றின் வேலைமுறையை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது. மாங்குளச் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நகருக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இடையிலும் அப்பாலும் உள்ள சிறிய பாடசாலைகள் பல, பிரதான வீதியிலிருந்து மேலும் உள்ளே இருக்கின்றன. பிள்ளைகளை நகருக்கு அழைக்கும் சங்கம் நகரப் பிள்ளைகளுக்கே உதவும் என்பதை முதல்நாளிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் எவரைச் சந்திப்பது

முல்லைத்தீவு மாவட்டத்தில் முல்லைத்தீவு, துணுக்காய் என்றும், வவுனியாவில் வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு என்றும், மன்னாரில் மன்னார், மடு என்றும் கல்வி வலயங்கள் பிரிந்திருக்கின்றன. உங்கள் பாடசாலை எந்த வலயத்தில், எந்தக் கோட்டத்தில் இருக்கிறது என்பதை அறிந்தபின், வலயக் கல்விப் பணிமனையில் கணிதத்துக்குப் பொறுப்பாயுள்ள ஆசிரிய ஆலோசகரைச் சந்தியுங்கள். எந்தப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை, எங்கே விஞ்ஞான ஆசிரியரோ ஆரம்பப் பிரிவு ஆசிரியரோ கணிதத்தையும் சேர்த்துச் சுமக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தகவல் எந்த அறிக்கையிலும் அவ்வளவு தெளிவாக இராது.

அனுமதிக் கடிதத்தை உங்கள் அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு முகவரியிட்டு அனுப்ப வேண்டும். திகதி, நேரம், தரம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வரும் ஆசிரியர்களின் பெயர், அவர்கள் பாடசாலை நேரத்தில் வருவார்களா என்பன அதில் இருக்க வேண்டும். பாடசாலை நேரத்தில் வருவதாயின் கடமை விடுமுறையையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுவது நல்லது. பிறகு தனியாகக் கேட்டால் இரண்டு கோப்புகளாகி, இரண்டும் தாமதமாகும். ஆனால் போகவிருக்கும் பாடசாலையின் அதிபரைக் கடிதத்தால் அணுகாதீர்கள். நேரில் போய், அவர் தரும் தேநீரைக் குடித்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். அவருடைய பாடசாலையின் குறையை உலகுக்குக் காட்ட வருகிறோம் என்ற எண்ணம் அவருக்கு ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் அதன்பின் எந்த அனுமதியும் உதவாது.

சங்கமே இல்லாத வலயமாயின் ஐந்து ஆசிரியர்கள் போதும். பதாகை, இலச்சினை, யாப்பு எல்லாம் ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பாடசாலை, மூன்று வருகை

நான் முதன்முதலில் பொறுப்பேற்ற முகாமைப் பற்றிச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. ஏழு பாடசாலைகளிலிருந்து பிள்ளைகளை ஓரிடத்துக்கு அழைத்திருந்தோம். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, விருந்தினர் உரைகள் என்று பதினொன்றரை மணியாயிற்று. ஒரு மணிப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது மாலையில்தான் என்பதால், தொலைவிலிருந்து வந்த இரண்டு பாடசாலைப் பிள்ளைகள் பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்து போனார்கள். அவர்கள் அன்று செய்த கணக்கு ஒன்றே ஒன்று. அடுத்த வாரம் அந்தப் பாடசாலைகளில் ஒன்றுக்கு மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய், ஒரு பாலை மரத்தின் கீழ் பதினெட்டுப் பிள்ளைகளுடன் இரண்டு மணி நேரம் இருந்தேன். முகாமில் நடக்காதது அங்கே நடந்தது.

அன்றிலிருந்து எங்கள் கிளை ஒரு வழக்கத்தைப் பின்பற்றுகிறது: ஆண்டொன்றுக்கு ஒவ்வோர் ஆசிரியர் குழுவும் ஒரு சிறிய பாடசாலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே மூன்று தடவைகள் போகும். முதலாவது வருகை அறிவதற்கு, இரண்டாவது செய்வதற்கு, மூன்றாவது செய்தது நின்றதா என்று பார்ப்பதற்கு. பத்துப் பாடசாலைகளுக்கு ஒவ்வொரு தடவை போவது அறிக்கையில் அழகாக இருக்கும் என்று வாதிடுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுடன் சண்டையிட வேண்டாம். அவர்களையும் ஒரு மூன்றாவது வருகைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நாள் குறித்தல்

வன்னியில் நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன் வானத்தையும் வயலையும் பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகீழ்ப் பருவமழை கனக்கும்போது குளங்கள் வான் பாய்ந்து, உள்வீதிகள் சில நாட்களுக்கு அறுந்துவிடும். அக்காலத்தில் வெளிநிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். காலபோக (மழைக்கால நெற்செய்கை) அறுவடைக் காலத்தில் மூத்த பிள்ளைகள் பலர் வயலில் நிற்பார்கள். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலை அண்டிய நாட்களிலும், ஆகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழாவை அண்டிய நாட்களிலும் அந்தந்தப் பகுதிகளில் எவரும் உங்களுக்காகக் காத்திருக்கமாட்டார்கள். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பும் ஆலய வழிபாடும் உண்டு. சனிக்கிழமையை ரியூட்டரிகள் (தனியார் வகுப்புகள்) எடுத்துக்கொண்டுவிட்டன. பொதுப் பரீட்சைகளின் திகதிகள் அண்மைய ஆண்டுகளில் பலமுறை மாறியிருப்பதால், சென்ற ஆண்டின் திகதியை நம்பாமல் அவ்வாண்டுச் சுற்றுநிருபத்தைப் பாருங்கள்.

எனவே வாரநாளொன்றில் பாடசாலை நேரத்துக்குள், இரண்டு அல்லது மூன்று பாடவேளைகளைக் கேட்டுப் பெறுவதே நடைமுறையில் சிறந்தது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் உள்வீதிகளில் யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாயும்முன் பிரதான வீதிக்கு வந்துவிடும்படி நேரத்தை அமையுங்கள்.

முதலாவது வருகை: தவறுகளை வாசித்தல்

தரம் 9 அல்லது 10 பிள்ளைகளுக்கு இருபது சிறிய வினாக்களைக் கொடுங்கள். நாற்பது நிமிடம் போதும். இது பரீட்சை அன்று என்று சொல்லி, பெயரை எழுதவேண்டாம், தங்களுக்குப் பிடித்த குறியொன்றை மூலையில் போடட்டும் என்று விடுங்கள். பின்னர் தன் தாளை அவர்களே அடையாளம் காண அது உதவும். வினாக்கள் அந்தத் தரத்தின் பாடப்பரப்பாக இருக்கக்கூடாது. முழுவெண்களின் கூட்டல் கழித்தல், பின்னம், தசமம், சதவீதம், எளிய சமன்பாடு, பரப்பளவு என்று தரம் 6 முதல் 8 வரையான அடிப்படைகளாக இருக்க வேண்டும்.

திருத்தும்போது புள்ளியைக் கூட்டாதீர்கள். பிழைகளை இனம்பிரித்து அடுக்குங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து ஐந்தில் இரண்டு என்று எழுதிய பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை. மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டுவது என்ற ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. 0.4ஐவிட 0.35 பெரியது என்ற பிள்ளை, 35 என்பது 4ஐவிடப் பெரியது என்ற விதியைப் பின்பற்றியிருக்கிறது. 2x + 3 என்பதை 5x என்று எழுதியதும் அவ்வாறே. சரியான விதியைக் கரும்பலகையில் மீண்டும் எழுதினால் பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, தன் விதியை மனத்திலேயே வைத்திருக்கும். அந்த விதி உடைகிற இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும்.

பின்னத்துக்கு நான் பயன்படுத்துவது அடுப்படியில் அரிசி அளக்கும் சுண்டு. அரைச்சுண்டு அரிசியோடு கால்ச்சுண்டு அரிசியைச் சேர்த்தால் முக்கால் சுண்டு என்று எந்தப் பிள்ளையும் கணிக்காமலே சொல்லும். இப்போது அதன் சொந்த விதிப்படி அதையே எழுதச் சொன்னால் ஆறில் இரண்டு, அதாவது மூன்றில் ஒன்று, என்று விடை வரும். அரைச்சுண்டுக்கு மேலே அரிசி போட்டபின் அது அரைச்சுண்டிலும் குறைந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள். இந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது புதிய ஆசிரியருக்குக் கடினம், ஆனால் பிள்ளை தன் விதியைத் தானே கைவிடுவது அந்த ஓரிரு நிமிடங்களில்தான்.

இரண்டாவது வருகை: கையால் செய்யும் கணிதம்

விலையுயர்ந்த உபகரணம் எதுவும் தேவையில்லை. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரை இருத்துங்கள். நிகழ்ச்சியை உரையால் தொடங்காதீர்கள். பிள்ளைகள் வந்து அமர்ந்த ஐந்தாவது நிமிடத்தில் கையில் ஏதேனும் இருக்க வேண்டும்.

ஏ9 வீதியில் பயணம் செய்தவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரையும் அங்கு விற்கும் கச்சானையும் (நிலக்கடலை) அறிவர். வரும் வழியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பைக் கோதுடைக்காத கச்சான் வாங்கி வாருங்கள். ஒவ்வொரு கோதிலும் எத்தனை பருப்பு என்று உடைத்துப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரவுக்குறி இட்டு அட்டவணையாக்கட்டும். ஆகாரம் (கூடுதல் தடவை வந்த எண்) எது, இடை (சராசரி) எவ்வளவு என்று காணட்டும். ஒரு குழுவின் இடை 1.8 என்று வந்தால், ‘ஒரு கோதுக்குள் 1.8 பருப்பு எப்படி இருக்கும்?’ என்று எவரேனும் ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அடுத்த கோதை உடைக்கும்முன் அதில் இரண்டு பருப்பு இருக்கும் என்பதற்கான நிகழ்தகவை ஊகிக்கச் சொன்னால், புள்ளிவிவரமும் நிகழ்தகவும் ஒரே பைக்குள் அடங்கிவிடும். தரவு கடைசியில் உண்ணப்பட்டுவிடுவதால் மீளச் சரிபார்க்க முடியாது என்பது இம்முறையின் ஒரே குறை.

கயிற்றொன்றில் சம இடைவெளியில் பன்னிரண்டு பங்குகளைக் குறித்து, அதை மூன்று, நான்கு, ஐந்து என்ற பக்கங்களுள்ள முக்கோணியாக இழுத்துப் பிடித்தால் செங்கோணம் கிடைக்கும். வீட்டு அத்திவாரம் போடும் மேசன்மார் மூலை பார்ப்பது இவ்வாறுதான். மீள்குடியேற்றத்தின்பின் வீடு கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதன்று. பைதகரசின் தேற்றம் என்ற பெயர்தான் புதிது. ஊரிலுள்ள மேசன் ஒருவரை அழைத்து அவரே செய்து காட்டினால் இன்னும் நல்லது.

பாகைமானியின் மையத்தில் நூலைக் கட்டி, நூல் நுனியில் ஒரு வாசரைத் தொங்கவிட்டால் சாய்வைக் காட்டும் கருவி தயார். மரத்தின் உச்சி 45 பாகை ஏற்றக்கோணத்தில் தெரியும்வரை பிள்ளையைப் பின்னே நடக்கவிடுங்கள். அங்கிருந்து மரத்தின் அடிவரையான தூரத்தோடு பிள்ளையின் கண்மட்ட உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம் வரும். இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆகவேண்டும். பாடசாலை வளவுக்கு வெளியே, பற்றைக்குள்ளோ கைவிடப்பட்ட காணிக்குள்ளோ அளப்பதற்காகப் பிள்ளைகளை இறக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றல் முடிந்துவிட்ட இடமா என்பதை அதிபரிடம் கேட்டறியாமல் ஓரடியும் வைக்கக்கூடாது. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இல்லை என்பது மட்டும் போதுமான சான்றாகாது.

வயலும் குளமும் நல்ல வினாக்களைத் தரும். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல், புசலொன்று ஏறத்தாழ 21 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டு, இரண்டரை ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று கேட்கலாம். சதுரமீற்றர் ஒன்றில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் நீர். ஏக்கர் ஒன்று ஏறத்தாழ 4047 சதுரமீற்றர். ஆகவே 10 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் நாற்பது ஆயிரம்-லீற்றர் தாங்கிகளுக்கும் சற்று மேலான நீரைப் பொழிந்திருக்கிறது என்று கண்டபோது, தரம் 10 மாணவி ஒருத்தி தன் தந்தையிடம் சொல்லவென்று அதைக் கையில் எழுதிக்கொண்டு போனாள். இரணைமடுக் குளத்தின் முழுக் கொள்மட்டம் 36 அடி என்பது கிளிநொச்சிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அப்படியாயின் 18 அடியில் பாதி நீர் இருக்குமா? பெரும்பாலோர் ஆம் என்பர். குளத்தின் அடிப்பக்கம் ஒடுங்கி, மேலே அலைகரை விரிவதால் பாதி உயரத்தில் பாதியிலும் குறைவான நீரே இருக்கும் என்பதை, ஒரு சட்டியில் சுண்டு சுண்டாக நீர் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் உயரத்தை அளந்து வரைபு கீறிக் காட்டலாம். வரைபு நேர்கோடாக வராதபோது பிள்ளைகள் தாங்கள் பிழைவிட்டதாக நினைத்து அழிக்கத் தொடங்குவார்கள், அழிக்க விடாதீர்கள்.

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு

தரம் 11 பிள்ளைகளுக்கு விளையாட்டு மட்டும் போதாது. அவர்களுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் சித்தி வேண்டும். தற்போதைய வினாத்தாள் அமைப்பை அவர்களிடமே கணக்காகக் கொடுங்கள். முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் இரண்டு புள்ளி வீதம் 25 வினாக்களும், பீ பகுதியில் பத்துப் புள்ளி வீதம் 5 வினாக்களும் இருக்கின்றன. இரண்டாம் வினாத்தாளில் இரு பகுதிகளிலிருந்தும் ஐந்து ஐந்தாகப் பத்து வினாக்களுக்கு விடையளித்தால் மேலும் 100. மொத்தம் 200, அதன் பாதியே இறுதிப் புள்ளி. சாதாரண சித்திக்கு 35 வேண்டுமெனின் 200க்கு 70 தேவை. ஏ பகுதியில் பதினைந்து வினாக்களைச் சரியாகச் செய்த பிள்ளைக்கு 30 கிடைத்துவிடும். மீதமுள்ள 150இல் 40 எடுத்தால் போதும். ‘நான் கணிதத்தில் பூச்சியம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தபின் இருக்கையில் நிமிர்ந்து உட்காருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதன்பின் ஏ பகுதி வினாக்களை நாளுக்குப் பத்தாக, பழைய வினாத்தாள்களிலிருந்து பயிற்றலாம். பீ பகுதியில் பின்னம், சதவீதம், சுற்றளவும் பரப்பளவும் போன்றவற்றில் செய்முறைக்குத் தனிப்புள்ளி உண்டு என்பதை விடைத்தாளில் காட்டுங்கள். அமைப்பு வினாவுக்குக் கவராயம் இல்லாமல் வரும் பிள்ளைகள் பலர். சங்கத்தின் பையில் பத்துக் கவராயங்களும் சீவிய பென்சில்களும் எப்போதும் இருக்கட்டும். இரவல் கொடுங்கள், எல்லாம் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்தப் பாடசாலையின் ஆசிரியர்

நீங்கள் போய்விடுவீர்கள், அவர் அங்கேயே இருப்பார். கணிதத்தைத் தன் பாடமாகக் கற்காத ஆசிரியராயின், பிள்ளைகள் முன்னிலையில் அவரைத் திருத்தாதீர்கள். ஒரு குழுவை அவரிடமே கொடுத்து நடத்தச் செய்யுங்கள். தவணைக்கு ஒருமுறை மாங்குளம் போன்ற நடு இடமொன்றில் இத்தகைய ஆசிரியர்கள் கூடி, பிள்ளைகளின் விடைத்தாள்களை மேசையில் விரித்து வைத்துப் பேசினால், எத்தனையோ பயிலரங்குகளிலும் பயனுண்டு. துணுக்காய், மல்லாவிப் பக்கமிருந்தும் ஒட்டுசுட்டான் பக்கமிருந்தும் பேருந்தில் வர மாங்குளம் வசதியானது. புகையிரத நிலையமும் இருக்கிறது. இடைக்காலத்தில் வட்ஸ்அப் குழு வினாத்தாள் பரிமாறப் பயன்படும். காலை வணக்கப் படங்களுக்குத் தடை விதித்த பின்னரே எங்கள் குழு உயிர்த்தது.

போட்டிகளும் மார்ச் 14உம்

யுனெஸ்கோ 2019இல் மார்ச் 14ஆம் திகதியைச் சர்வதேசக் கணித தினமாக அறிவித்தது. அன்று ஏதேனும் ஒலிம்பியாட் பாணி வினாடிவினாவை வைக்க விரும்பினால், தரவாரியாகப் பிரித்து வையுங்கள். இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் திறன்காண் போட்டியும் தரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தே படிநிலை வகுக்கிறது. பரிசு முழுவதும் நகரப் பாடசாலைக்குப் போய்விடாதிருக்க, ஒவ்வோர் அணியிலும் இரண்டு பாடசாலைப் பிள்ளைகளைக் கலந்து அமர்த்துவது எங்கள் வழக்கம். கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டால் தேசியப் போட்டிகளுக்கு விண்ணப்பிக்க உதவுங்கள், பயணச்செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமோ பழைய மாணவர்களிடமோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பணம் என்றால் நிழற்பிரதி, கயிறு, கச்சான், தேநீர், எரிபொருள் என்பவற்றுக்கு மேல் பெரிதாக இல்லை. பற்றுச்சீட்டுகளை ஒரு கொப்பியில் ஒட்டி, இருவர் கையொப்பமிட்டு, கூட்டத்தில் வாசித்துவிடுங்கள். நன்கொடையாளர் பதாகை கேட்டால் சிறிதாக ஒன்று போடலாம்.

மூன்றாவது வருகை

இரண்டு மாதங்கள் கழித்து, முதல்நாள் கொடுத்த அதே இருபது வினாக்களை எண்களை மட்டும் மாற்றிக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் அதே குறியை மூலையில் போடட்டும். திருத்தியபின் பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்துப் பிள்ளையிடமே கொடுத்து, எந்தப் பிழை போயிற்று, எது நிற்கிறது என்று அவரே சொல்லக் கேளுங்கள். நிற்கும் பிழைகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி அந்தப் பாடசாலை ஆசிரியரிடம் ஒரு பிரதியும், அடுத்த ஆண்டு அங்கே போகவிருக்கும் குழுவிடம் ஒரு பிரதியும் கொடுத்துவிட்டு, ஒரு மணிப் பேருந்துக்கு வீதிக்கு வந்துவிடுங்கள்.